ஆறடி என்று சொன்னது யார்?

தன் அக்கா பொய் சொல்கிறாள் என்று தாலினுக்கு முதன்முதலில் சந்தேகம் வந்தது ஒரு கோழித்துண்டினால்தான்.

அது வேகவைத்த கோழி. உப்பில்லை, காரமில்லை, எண்ணெயில்லை. பார்த்தாலே பத்தியச் சாப்பாடு. அதை நாஸெலி அக்கா முகம் சுளிக்காமல் மென்றுகொண்டிருந்தாள். மேசையின் நடுவில் அப்பா வாங்கிவந்த லஹ்மாஜூன் சுடச்சுட அடுக்கியிருந்தது. மெல்லிய ரொட்டியில் கொத்துக்கறி தடவிச் சுட்ட அந்தப் பண்டத்துக்காக அக்காவும் தங்கையும் அடித்துக்கொள்ளாத வெள்ளிக்கிழமையே க்ளெண்டேல் நகரத்தில் இருந்ததில்லை.

"ஏன்க்கா, ஒண்ணுகூட வேண்டாமா?"

"வேண்டாம். நீ சாப்பிடு."

தாலின் நாலு சாப்பிட்டாள். சாப்பிட்டபடியே அக்காவைக் கண்கொட்டாமல் பார்த்தாள். தின்பண்டத்தை விட்டுக்கொடுக்கும் அக்காவை நம்பக்கூடாது என்பது பதினொரு வயதுக்குள் அவள் கண்டுகொண்ட உண்மை.

ஒரு சந்தேகம் வந்துவிட்டால் போதும், மற்றவை தானே வரிசையில் வந்து நிற்கும். விடியற்காலை நாலரைக்கு ஒரு கறுப்பு வண்டி வாசலுக்கு வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போனது. சாயங்காலம் அக்கா நொண்டிக்கொண்டு வந்தாள். ஒருநாள் அவள் தோள்பட்டையில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு காயம் தெரிந்தது.

நாஸெலி நடிகைதான். சுவரொட்டியில் வருகிற அளவுக்கு இல்லை. ஒரு பற்பசை விளம்பரத்தில் கடைவாய்ப்பல்லாக வந்தாள். ஒரு தொலைக்காட்சித் தொடரில் பிணமாகக் கிடந்தாள். நகரப் பேருந்து ஓட்டும் அப்பா, "மூச்சே விடாம படுத்திருந்தா பாரு, அதுதான் நடிப்பு" என்று பணிமனை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

"இப்ப எந்தப் படம்க்கா?"

"சின்னப் படம். 'ஊறுகாய் ஜாடி'ன்னு பேரு. ஒரு பொண்ணு ஊறுகாய் போட்டு விக்கிறா. அதான் கதை."

"என்ன ஊறுகாய்?"

"முட்டைக்கோஸ்."

தாலின் இரண்டு நாள் பொறுத்தாள். பிறகு, தலை சீவும்போது எதுவும் தெரியாதவள்போல மறுபடி கேட்டாள். "அது என்ன ஊறுகாய்னு சொன்ன?"

"கத்திரிக்காய்" என்றாள் அக்கா.

"ஊறுகாய் போடுறவளுக்குத் தோள்ல எப்படி அடிபடும்?"

"ஜாடி கனம் ஜாஸ்தி."

"சும்மா அவளை நோண்டாதடி. வேலை கிடைச்சிருக்கேன்னு சந்தோஷப்படு" என்றாள் அம்மா.

தாலின் நோண்டுவதை நிறுத்தினாள். நம்புவதையும் நிறுத்தினாள். ஆனால் அந்த வாரம் அவளுக்கு அக்காவைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

இரண்டு தெரு தள்ளி கஸ் என்பவரின் காமிக்ஸ் கடை இருந்தது. புதன்கிழமை தோறும் அங்கே புது இதழ்கள் வரும். பள்ளி விட்டதும் தாலினும் அவள் வகுப்புத் தோழன் ஓவனும் நேரே அங்கே போய்விடுவார்கள். தாலினுக்கு ஒரே ஒரு காமிக்ஸ்தான் உயிர். அதன் பெயர் 'உப்புக்காற்று'.

மார்த்தா என்ற பெண் படகுத்துறையில் டிக்கெட் பரிசோதகர். கடத்தல்காரர்களும் கொள்ளையர்களும் வந்தால் ஒரு சீழ்க்கை அடிப்பாள். கடல்காற்று அவள் சொன்னபடி கேட்கும். அப்போது அவள் பெயர் உப்புக்காற்று. இதுவரை வந்த அறுபத்தொரு இதழ்களையும் தாலின் படித்திருந்தாள். சிலவற்றை அட்டை கழன்று விழும்வரை படித்திருந்தாள்.

இப்போது உப்புக்காற்று திரைப்படமாகிறது. அதில் யார் நடிக்கிறார்கள் என்பதைப் படக்கம்பெனி பரம ரகசியமாக வைத்திருந்தது. அந்தப் புதன்கிழமை ரகசியத்தில் ஒரு துளி கசிந்துவிட்டது.

செய்தியைக் கொண்டுவந்தவன் பிராடி. பதின்மூன்று வயதிலேயே ஐந்தடி எட்டு அங்குலம் வளர்ந்தவன். அவன் பேசும்போது மற்றவர்கள் அண்ணாந்துதான் கேட்க வேண்டும். அது அவனுக்கு மிகவும் பிடிக்கும்.

"யாரோ பேர் தெரியாத பொண்ணாம். உயரம் எவ்வளவு தெரியுமா? அஞ்சடி ரெண்டு அங்குலம்" என்றான்.

கடையில் புரட்டிக்கொண்டிருந்த இதழ்களை எல்லோரும் கீழே வைத்தார்கள்.

"உப்புக்காற்று ஆறடிடா" என்றான் ஓவன், அழுவதுபோல.

"முதல் இதழ், ஒன்பதாம் பக்கம்" என்றாள் தாலின். அவளுக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது. தான் கண்ணை மூடினால் வந்து நிற்கிற மார்த்தாவை யாரோ பிடித்து அமுக்கிக் குட்டையாக்கிவிட்டதுபோல் இருந்தது.

எழுத்து அழகாக இருப்பவள் அவள்தான். கஸ் ஒரு பெரிய அட்டை கொடுத்தார். தாலின் அதில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

'படக் கம்பெனியாருக்கு. உப்புக்காற்று ஆறடி உயரம். ஆதாரம்: முதல் இதழ், ஒன்பதாம் பக்கம். ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ளவர் உப்புக்காற்று ஆக முடியாது. அது வெறும் காற்று. ஆளை மாற்றுங்கள்.'

'வெறும் காற்று' என்ற இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். கடைக்கு வந்தவர், போனவர், மழைக்கு ஒதுங்கியவர் என்று ஒருவரையும் விடாமல் கையெழுத்து வாங்கினார்கள். அன்று ராத்திரி கடை மூடுவதற்குள் நூற்றுப்பன்னிரண்டு கையெழுத்து. கஸ் அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். அது ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தது. சனிக்கிழமை கடை வாசலில் தாலின் அதை உரக்கப் படிப்பதென்றும், ஓவன் அதை வீடியோ எடுப்பதென்றும் முடிவாயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் தாலின் பெருமையோடு வீட்டுக்கு வந்தாள். துணி துவைக்கும் முறை அவளுடையது. அழுக்குக் கூடையைக் கவிழ்த்தபோது, அக்காவின் சட்டைக்குள்ளிருந்து மடித்த தாள்கள் விழுந்தன.

சிவப்புத் தாள். அதில் கறுப்பு எழுத்து.

தாலினுக்கு மூக்கு வியர்த்தது. அந்த ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் சினிமாவை நம்பிப் பிழைப்பவர்கள். சிவப்புத் தாளை நகலெடுத்தால் எல்லாம் இருட்டாகத்தான் விழும், ரொம்ப ரகசியமான படத்துக்கு மட்டும்தான் இந்தச் செலவு செய்வார்கள் என்பது அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு எதற்கு இத்தனை ரகசியம்?

மேலே 'ஊறுகாய் ஜாடி' என்றுதான் போட்டிருந்தது. கீழே ஒரு காட்சி. ரோசா என்ற பெண் படகின் வாசலில் நிற்கிறாள். ஒரு முரடன் அவளைத் தள்ளிக்கொண்டு ஏறப்பார்க்கிறான். ரோசா சொல்கிறாள்: 'டிக்கெட் இல்லாதவர்களைக் கடல் கூட்டிக்கொண்டு போகாது.'

தாலின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது நாலாம் இதழ், பதினேழாம் பக்கம். ரகசியத்துக்காகப் படத்தின் பெயரையும் மார்த்தாவின் பெயரையும் மாற்றினால் என்ன, அந்த வசனம் தாலினுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

சமையலறைக் கதவுச் சட்டத்தில் அப்பா வருஷாவருஷம் பிள்ளைகளை நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். தாலின் எழுந்து போய்ப் பார்த்தாள். அக்காவின் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது: நாஸெலி, ஐந்தடி இரண்டு அங்குலம்.

அதே அளவை அவள் தன் கையாலேயே கொட்டை எழுத்தில் அட்டையில் எழுதியிருந்தாள்.

அக்கா வந்ததும் தாலின் அவளை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். சிவப்புத் தாளை நீட்டினாள். நாஸெலியின் முகம் வெளுத்துவிட்டது.

"யார்கிட்டயாவது காட்டினியா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா. நீதான் உப்புக்காற்றா?"

நாஸெலி கட்டிலில் உட்கார்ந்தாள். "மெதுவாப் பேசு. அப்பா அம்மாவுக்கே சொல்லல. வெளிய மூச்சு விடமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். ஒரு வார்த்தை போனாலும் வேலை போயிடும்." குனிந்து காலணியைக் கழற்றினாள். "அது எப்படியும் போயிடும்போல இருக்கு."

"ஏன்?"

"ஏதோ காமிக்ஸ் கடையில நூறு பேர் சேர்ந்து எழுதியிருக்காங்க. நான் வெறும் காத்தாம். படப்பிடிப்புல எல்லார் போன்லயும் அதுதான் ஓடுது. இன்னைக்கு என் பூட்ஸுக்கு அடியில நாலு அங்குலக் கட்டை வச்சுட்டாங்க. அதைப் போட்டுக்கிட்டுக் குதிச்சேன், விழுந்தேன். திங்கட்கிழமை கம்பெனிக்காரங்க உக்காந்து பேசப்போறாங்க, வேற உயரமான ஆளைத் தேடலாமான்னு."

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாயைத் திறக்க முடியாது என்பார்கள். தாலின் திறந்தாள்.

"அக்கா, அதை எழுதினது நான்தான்."

நாஸெலி அவளையே பார்த்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாலினுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"கையெழுத்து எங்கேயோ பார்த்தமாதிரி இருக்கேன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா கடைசியில். "நல்லாத்தான் எழுதியிருந்த."

தாலின் அழுதுவிட்டாள். விக்கி விக்கி அழுதாள். அக்காதான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

"போன மாசம் படகுத்துறைக்குப் போய் மூணு நாள் உக்காந்திருந்தேன்" என்றாள் நாஸெலி, தங்கையின் முடியைக் கோதியபடி. "அங்கே டிக்கெட் பார்க்கிற ஒரு அம்மா. என் உயரம்தான் இருப்பாங்க. அவங்க எப்படி நிக்கிறாங்க, எப்படிப் பார்க்கிறாங்க, எல்லாம் மனசுல வாங்கிட்டு வந்தேன். எனக்கு மார்த்தா யாருன்னு அங்கதான் புரிஞ்சுது. சரி விடு. நீ அந்த அட்டையைப் பத்தி யார்கிட்டயும் எதுவும் சொல்லாத. திடீர்னு மாத்திப் பேசினா ஏன்னு கேப்பாங்க. அப்புறம் என் பேர் வெளிய வந்துடும்."

அன்று தாலினுக்கு எதுவும் ஓடவில்லை. அக்காவைக் காப்பாற்ற வேண்டும். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது. இரண்டையும் எப்படிச் செய்வது?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அறுபத்தொரு இதழ்களையும் தரையில் பரப்பினாள். வேறு எங்காவது மார்த்தாவின் உயரம் எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடினாள். மார்த்தாவின் காலணி அளவு இருந்தது. அவளுக்குப் பிடித்த சூப் இருந்தது. அவள் வளர்த்த கடல்பறவையின் பிறந்தநாள்கூட இருந்தது. படத்துக்குப் படம் அவள் உயரம் மாறித் தெரிந்தது. எழுத்தில் உயரம் எங்குமே இல்லை. ஒரே ஒரு இடத்தில்தான், முதல் இதழ் ஒன்பதாம் பக்கத்தில்.

சலித்துப்போய் அந்தப் பக்கத்தையே மறுபடி எடுத்தாள். ஆயிரம் முறை பார்த்த பக்கம். முதன்முறையாக, அந்த வசனத்தை யார் சொல்கிறார்கள் என்று பார்த்தாள்.

பார்த்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கடை வாசலில் இருபது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஓவன் போனை ஒரு பெட்டியின்மேல் நிறுத்திச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பிராடி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் படிக்கப்போறதில்ல" என்றாள் தாலின்.

"ஏன்? தொண்டை சரியில்லையா?" என்றான் ஓவன்.

"அட்டையில நான் எழுதினது தப்பு. அதை மாத்தணும்."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். புதன்கிழமை காது சிவக்கக் கத்தியவள் சனிக்கிழமை இப்படிப் பேசினால் யார்தான் நம்புவார்கள்?

பிராடி ஒரு அடி முன்னால் வந்தான். "மூணு நாள்ல என்ன ஆச்சு உனக்கு? யார் உன்னை மாத்தினது?"

"யாரும் இல்ல."

"உங்க அக்கா நடிகைதானே?"

"ஆமா."

"இப்ப எந்தப் படத்துல நடிக்கிறா?"

"ஊறுகாய் படம்."

"என்ன ஊறுகாய்?"

"முட்டைக்கோஸ்" என்றாள் தாலின். "கத்திரிக்காயும் வரும்னு நினைக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். பிராடி சிரிக்கவில்லை. அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் ஏதோ கேட்க வந்தான். அதற்குள் தாலின் கஸ்ஸிடம் திரும்பினாள்.

"கஸ், முதல் இதழை எடுக்க முடியுமா? என்னோடதை நம்பமாட்டாங்க. உங்களோடதுல பார்க்கட்டும்."

கஸ்ஸுக்கு அந்த இதழ் சாமி மாதிரி. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கண்ணாடித் தாள் உறையிலிருந்து இரண்டு விரலால் எடுத்தார். "யாரும் மேல மூச்சு விடாதீங்க" என்றார்.

"ஓவன், ஒன்பதாம் பக்கத்தைப் படி. எல்லாத்தையும் படி" என்றாள் தாலின்.

ஓவன் குனிந்தான். "'ஆறடி இருப்பா சார். கண்ணுல நெருப்பு. பின்னாடி அம்பது ஆளுங்க.'"

"இது யார் சொல்றது?"

"தகர டாமி. சரக்கு கடத்துற ஆளு. மார்த்தாகிட்ட அடி வாங்கிட்டு, போலீஸ்காரர்கிட்ட சொல்றான்."

"முந்தின பக்கத்தைப் பாரு. அவ பின்னாடி அம்பது பேர் இருக்காங்களா?"

ஓவன் திருப்பினான். "யாருமே இல்ல. தனியாத்தான் நிக்கிறா."

"கண்ணுல நெருப்பு?"

"இல்ல."

"அப்ப, அம்பது ஆளு பொய். நெருப்பு பொய். ஆறடி மட்டும் எப்படி நிஜமாகும்? ஒரு சின்னப் பொண்ணுகிட்ட உதை வாங்கினேன்னு சொல்ல வெக்கம் அவனுக்கு. அதான் அளந்து விட்டிருக்கான். நாம எல்லாரும் அறுபத்தொரு இதழா அந்தத் திருடன் பேச்சை நம்பிக்கிட்டு இருக்கோம். நான்தான் முதல்ல நம்பினேன். ஆதாரம்னு வேற எழுதினேன்."

கஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "முப்பது வருஷமா இதை வித்துக்கிட்டிருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

"இதுல அவ உயரமாத்தானே தெரியறா?" என்றான் பிராடி விடாமல்.

"எது மேல நிக்கிறா பாரு" என்றான் ஓவன். அவன் குரலே மாறிவிட்டது. "படகோட கைப்பிடிக் கம்பி மேல நிக்கிறா. நான் நின்னாலும் உயரமாத்தான் தெரிவேன்."

பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பார்த்தார்கள். கஸ் "மூச்சு, மூச்சு" என்று தவித்தார். ஒரு சிறுமி, "அப்ப மார்த்தா என் உயரமாக்கூட இருக்கலாமா?" என்று கேட்டாள். அவள் மூன்றாம் வகுப்பு. "அவ்வளவு குள்ளமாவும் இருக்கமாட்டா" என்றான் ஓவன்.

புது அட்டையில் என்ன எழுதுவது என்பதில் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. கடைசியில் தாலின் எழுதியது இதுதான்.

'படக் கம்பெனியாருக்கு. ஆறடி என்று சொன்னது தகர டாமி. அவன் பொய்யன். அவனை நம்பியது எங்கள் தவறு. உப்புக்காற்றின் உயரம் யாருக்கும் தெரியாது. நடிப்பவர் மார்த்தாவைப்போல் டிக்கெட் கேட்டால் போதும். எங்கள் பழைய அட்டையைக் கிழித்துவிடுங்கள்.'

ஓவன் முதலில் கையெழுத்துப் போட்டான். ஒவ்வொருவராகப் போட்டார்கள். அங்கே இல்லாதவர்களின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நடந்தார்கள். கஸ் முதல் இதழின் அந்தப் பக்கத்தையும் புது அட்டையையும் சேர்த்துப் படம் எடுத்துப் போட்டார். தகர டாமியிடம் உலகமே ஏமாந்திருந்ததால், அந்தப் படம் பழையதைவிட வேகமாகப் பரவியது.

பிராடி மட்டும் கையெழுத்துப் போடவில்லை. "எனக்கு என்னமோ இதுல ஏதோ இருக்கிறமாதிரி தோணுது" என்று தாலினைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அவன் சந்தேகப்பட்டதில் தப்பில்லை என்பது தாலினுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கறுப்பு வண்டி வந்தது. அக்கா இறங்கினாள். நொண்டவில்லை.

"கட்டையைக் கழட்டிட்டாங்க" என்றாள் நாஸெலி, காதோடு காதாக. "டைரக்டர் உங்க அட்டையை மீட்டிங்ல படிச்சுக் காட்டினாராம். ஆளை மாத்துற பேச்சே இனிமே கிடையாதாம்." பிறகு தங்கையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என்னைப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே நீ?"

"ஊறுகாயைப் பத்தி மட்டும் சொன்னேன்."

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார். "இந்த வீட்டுல என்னமோ நடக்குது. எனக்குத்தான் யாரும் சொல்றதில்ல."

மூன்று மாதம் கழித்துக் கம்பெனியே அவருக்குச் சொன்னது. ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள். பெரிய மேலங்கி, கலைந்த முடி, கையில் டிக்கெட் துளையிடும் கருவி, பக்கத்தில் பெயர்: நாஸெலி. அன்று அப்பா பேருந்தில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்காமல் இறங்கப் பார்த்தவர்களையும் நிறுத்திச் சொன்னார்.

கடையில் ஓவன் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தான். தாலினைப் பார்த்தான். மறுபடியும் சுவரொட்டியைப் பார்த்தான்.

"உனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்ப அக்காவுக்காகத்தான் எங்களை மாத்தினியா?"

தாலின் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "தேடினது அக்காவுக்காகத்தான். கிடைச்சது நிஜம்."

ஓவன் போய், கையைக் கழுவிவிட்டு வந்து, கஸ்ஸிடம் முதல் இதழைக் கேட்டு வாங்கினான். ஒன்பதாம் பக்கத்தை மறுபடி ஒருமுறை படித்தான். உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். "சரி" என்றான்.

அடுத்த புதன்கிழமை நாஸெலியே கடைக்கு வந்தாள். கூட்டம் தாங்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள், போடாதவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி அவள் பக்கத்தில் நின்று உயரம் பார்த்துக்கொண்டாள்.

பிராடி மட்டும் கடைசி அலமாரிக்குப் பின்னால் நின்றான். இந்த மூன்று மாதத்தில் இன்னும் ஒரு அங்குலம் வளர்ந்திருந்தான். "எனக்கு நம்பிக்கை இல்ல" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "உப்புக்காற்றுன்னா பார்த்ததுமே ஒரு பயம் வரணும்."

அது நாஸெலியின் காதில் விழுந்தது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவன் முன்னால் போய் நின்றாள். அவளுடைய தலை அவன் மோவாய் உயரத்துக்குத்தான் இருந்தது. அவள் அவசரப்படவில்லை. கையை நீட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. நிதானமாக அண்ணாந்து அவன் கண்ணைப் பார்த்தாள்.

"டிக்கெட்?" என்றாள்.

பிராடி இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டு, மும்முரமாகத் தேட ஆரம்பித்தான்.